எக்கோஸ்போர்ட்டின் புது முகமும் தொழிலாளியின் பழைய கேள்வியும்

“காரைப் பற்றிக் கட்டுரையா? அதுவும் நம் பத்திரிகையிலா?” என்று தோழர்கள் சிலர் மூக்கின் மேல் விரலை வைக்கலாம். நியாயமான கேள்விதான். ரிங் பிரேமுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று கால் கடுத்தவனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நட்டு இடுப்பு ஒடிந்தவளுக்கும், ஏழு லட்சம் எட்டு லட்சம் ரூபாய் காரைப் பற்றி என்ன பேச்சு? அதில் ஏறி உட்காரப் போகிறவர்கள் நாம் அல்லவே!

ஏறப் போகிறவர்கள் நாம் அல்ல, வாஸ்தவம். ஆனால் அதைச் செய்கிறவர்கள் யார்? மில் தொழிலாளியின் மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான். கூலி விவசாயியின் மகன் கடன் வாங்கி டிப்ளமோ படிக்கிறான். படித்துவிட்டு மறைமலை நகருக்கும், ஒரகடத்துக்கும், திருப்பெரும்புதூருக்கும் பெட்டி கட்டுகிறான். அங்கே வெல்டிங் துப்பாக்கியைப் பிடிப்பது அவன் கை. கதவை மாட்டுவது அவன் கை. ஆணியை முடுக்குவது அவன் கை. அந்தக் கார் விற்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியும். அந்தக் கார் நின்றால் அடுப்பும் நிற்கும்.

ஒரு கார் புது உருவம் எடுத்து வந்தால், ஊரெல்லாம் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறது. வாங்குகிறவர் சொல்கிறார். விற்கிறவர் சொல்கிறார். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர் சொல்கிறார். செய்தவனிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆகவே, நம் சீமையில் செய்யப்பட்ட ஒரு சின்னக் காரை எடுத்துக்கொண்டு, உழைப்பாளி மக்களின் பக்கத்திலிருந்து நம் அபிப்பிராயத்தைச் சொல்லுவோம். அந்தக் கார், மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் செய்யப்பட்ட எக்கோஸ்போர்ட்.

எங்கே பிறந்தது இந்த வண்டி?

எஸ்.யு.வி. என்று மூன்று எழுத்தில் சொல்கிறார்களே, அது என்ன? ஜீப்பின் சாயலில் உயரமாக நிற்கும் கார், அவ்வளவுதான். முன்பெல்லாம் இந்த ஜாதி வண்டிகள் காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்களுக்காகச் செய்யப்பட்டன. பிற்பாடு கம்பெனிகள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டன. பட்டணத்துக்காரனுக்குக் காடும் வேண்டாம், மலையும் வேண்டாம். ஆனால் உயரமாக உட்கார்ந்து போக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்குச் செய்த வண்டிதான் நகரத்துச் சின்ன எஸ்.யு.வி.

எக்கோஸ்போர்ட் 2003-ம் வருஷம் பிரேஜில் நாட்டில் பிறந்தது. பாஹியா மாகாணத்தில் கமசாரி என்ற ஊரில் ஃபோர்டு ஆலை இருந்தது. பியஸ்டா என்ற சிறிய காரின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் உயரமான கூட்டை ஏற்றினார்கள். குண்டும் குழியுமான தெருக்களுக்கு அது ஒத்துவந்தது, நன்றாக விற்றது. இரண்டாம் தலைமுறை வண்டியை 2012 ஜனவரியில் டில்லி மோட்டார் கண்காட்சியில் திரை விலக்கிக் காட்டினார்கள். 2013 ஜூனில் மறைமலை நகரில் செய்த வண்டி விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 5 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். பணத்தைக் கட்டிவிட்டு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

நாலு மீட்டர் கணக்கு

இந்த வண்டியின் நீளம் 4 மீட்டருக்கு ஒரு நூல் குறைவு. ஏன் சரியாக அந்த அளவு? நகரத்துச் சந்து பொந்துகளை அளந்து பார்த்தா நிர்ணயித்தார்கள்? இல்லை, தோழர்களே! அளவுகோல் டில்லியில் இருந்தது.

2006-ம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். சின்னக் கார் என்றால் எது? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெட்ரோல் யந்திரம் 1,200 சி.சி.க்கு மேலும், டீசல் யந்திரம் 1,500 சி.சி.க்கு மேலும் போகக்கூடாது. இந்தக் கோட்டுக்கு உள்ளே நின்றால் சலுகை. ஒரு விரற்கடை தாண்டினாலும் முழு வரி. இன்றைக்கும் இந்தக் கோடுதான் ஆள்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம் என்று சரக்கு சேவை வரியை வைத்திருக்கிறார்கள்.

சின்ன வண்டிக்குக் குறைந்த வரி என்பது தப்பில்லை. சின்ன வண்டி குறைந்த இடத்தை அடைக்கும். குறைந்த எண்ணெயைக் குடிக்கும். ஆனால் நடந்தது என்ன? நீளத்தை வெட்டினார்கள், உயரத்தை ஏற்றினார்கள். பின்சீட்டில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஜீப்பைப் போல மிடுக்கு! சட்டத்தின் கண்ணுக்குச் சின்னது, தெருவின் கண்ணுக்குப் பெரியது. இப்படித்தான் இந்த ஜாதி வண்டிகள் எல்லாமே இந்தியாவில் உருவாயின.

புது முகத்தில் நல்லதும் கெட்டதும்

2017 நவம்பரில் எக்கோஸ்போர்ட்டுக்குப் புது முகம் வைத்தார்கள். ஆரம்ப விலை இப்போது 7 லட்சத்து 31 ஆயிரம். முன்பக்கத்துக் கம்பித்தட்டி அகலமாயிற்று. விளக்குகள் மாறின. உள்ளே டிரைவருக்கு எதிரே இருந்த பலகை முழுக்க மாறியது. விரலால் தொட்டால் வேலை செய்யும் திரை வந்தது. பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் யந்திரத்துக்குப் பதிலாக மூன்று சிலிண்டர் யந்திரம் வந்தது. அதன் பலம் 123 குதிரைச் சக்தி.

நம் கிணற்றடியில் ஓடும் பம்ப்செட் மோட்டார் 5 குதிரைச் சக்தி. அது ஏக்கர் கணக்கில் நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கிறது. இங்கே 123 குதிரைகளைப் பூட்டிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குக் கிண்டி கத்திப்பாராவில் மாட்டு வண்டி வேகத்தில் ஒரே ஒருவர் ஊர்ந்துகொண்டிருப்பார்!

பரிகாசம் போகட்டும். நல்லதை நல்லது என்றே சொல்ல வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருந்தது. மழைக்காலத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தெரு வாய்க்காலாக மாறும்போது அந்த ஒரு சாண் பெரிய விஷயம். வண்டி குட்டையாக இருந்ததால் சுலபமாகத் திரும்பும். ஸ்டீரிங் கைக்கு இசைவானது, வண்டி ரோட்டைப் பிடித்து ஓடும் என்று ஓட்டியவர்கள் எல்லோருமே சொன்னார்கள். தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிக்குப் புதிய கியர் பெட்டி வந்தது. நின்று நின்று போகும் நகரத்துப் போக்குவரத்துக்கு அது ஏற்றது. தகட்டின் உறுதியையும் கதவு சாத்தும் சத்தத்தையும் வாங்கினவர்கள் புகழ்ந்தார்கள். அந்தப் புகழில் நம் பையன்களின் கைவேலைக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லுவதில் நமக்குப் பெருமைதான்.

குறைகள் என்ன? ஸ்டெப்னி சக்கரத்தைப் பின்கதவின் மேலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கதவு மேல்நோக்கித் திறக்காது; வீட்டுக் கதவைப் போலப் பக்கவாட்டில் திறக்கும். நகரத்தில் வண்டிகளை மூக்கும் வாலும் உரச நிறுத்துகிறார்கள். பின்னால் இன்னொரு வண்டி நின்றால், சாமானை எடுக்கக் கதவைத் திறக்க இடம் இராது. “நகரத்துக்கென்றே செய்த வண்டி” என்று சொல்லிக்கொண்டு இந்தக் குறையைப் புது முகத்திலும் அப்படியே விட்டுவைத்தார்கள். அந்தச் சக்கரம் இல்லாத ஒரு வண்டி 2021 மார்ச்சில்தான் வந்தது. பின்சீட்டின் இடுக்கமும் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. புதிய பெட்ரோல் யந்திரம் ஏறக்குறைய 1,500 சி.சி. சலுகைக் கோடோ 1,200 சி.சி. நீளத்தை நாலு மீட்டருக்குள் வெட்டிச் சுருக்கிவிட்டு, யந்திரத்தைக் கோட்டுக்கு வெளியே வைத்தால் என்ன பிரயோஜனம்? பின்சீட்டில் இடமும் போயிற்று. பெட்ரோல் வண்டிக்கு வரிச் சலுகையும் கிடைக்கவில்லை. இது தொழிலாளி செய்த தீர்மானமா? தொலைதூரத்தில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் செய்த தீர்மானம்.

ஆக, நம் அபிப்பிராயம் இதுதான்: வண்டி கெட்ட வண்டியல்ல. உறுதியான, ஓட்டுவதற்கு இனிய வண்டி. ஆனால் புது உருவம் என்ற பெயரில் முகத்துக்குச் சாயம் பூசினார்கள். குறை இருந்த இடத்தைத் தொடவில்லை.

தெரு யாருக்கு?

நகரத்து வண்டியைப் பற்றிப் பேசும்போது நகரத்தையும் பற்றிப் பேச வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் மட்டுமா நகரம்? மாநகர பஸ்ஸின் படிக்கட்டில் தொங்குகிறவன் நகரம். விடியற்காலையில் சைக்கிளில் பால் கொண்டுபோகிறவன் நகரம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க நிற்கிற பூக்காரி நகரம். இரண்டாம் ஷிப்டு முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக இருட்டில் நடக்கிற தொழிலாளி நகரம்.

கார் உயர உயர, உள்ளே இருப்பவருக்கு ரோடு நன்றாகத் தெரிகிறது. ஆனால் மூக்குக்கு அடியில் நிற்கிற குழந்தை மறைகிறது. முன்பக்கம் உயர்ந்து செங்குத்தாக நின்றால், மோதும்போது காலில் படுகிற அடி இடுப்பிலும் மார்பிலும் படும். எக்கோஸ்போர்ட் இந்த ஜாதியில் ராட்சஸன் அல்ல. ஆனால் அதன் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் முகத்தை உயர்த்திக்கொண்டே போகின்றன. ஒரு பஸ் ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அடைக்கிற இடத்தில் மூன்று கார்கள் நிற்கும். அவற்றில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஆகவே, சின்னக் காருக்குப் புது முகம் வைத்தால் நகரத்துப் போக்குவரத்துப் பிரச்னை தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகரத்துக்கு முதலில் வேண்டியது போதுமான பஸ். நடப்பதற்கு உருப்படியான நடைபாதை.

கன்வேயரில் நிற்பவனைக் கேட்டார்களா?

வாங்குகிறவருக்குப் புது உருவம் என்றால் புதிய விளக்கு, புதிய நிறம். ஆலைக்குள் அது வேறு விஷயம். தகடு அழுத்தும் அச்சு மாறும். வெல்டிங் தாங்கிகள் மாறும். எந்த ஆணியை எந்த வரிசையில் முடுக்குவது என்பது மாறும். கன்வேயர் நகர்ந்துகொண்டே இருக்கும். அதோடு கையும் நகர வேண்டும். பழகிய கையைப் பழையபடி விட்டுவிட்டுப் புதிதாகப் பழக வேண்டும். மில்லில் இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொன்ன நாளை நினைத்துப் பாருங்கள். இதன் கஷ்டம் விளங்கும்.

கதவை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை தூக்கி மாட்டுகிறவனுக்குப் பின்கதவின் கனம் தெரியாதா? அது எந்தப் பக்கம் திறந்தால் இடிக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? சீட்டைப் பொருத்துகிறவனுக்குப் பின்னால் எத்தனை அங்குலம் மிச்சம் என்று தெரியாதா? தெரியும். ஆனால் அவனிடம் அபிப்பிராயம் கேட்கிற வழக்கம் இந்த உலகத்தில் கிடையாது. அவன் கை வேண்டும், தலை வேண்டாம்!

பாஹியாவிலிருந்து மறைமலை நகர் வரை

எக்கோஸ்போர்ட் ஆரம்பித்து வைத்த சந்தையில் மற்றவர்கள் புகுந்தார்கள். 2016-ல் மாருதியின் பிரெஸ்ஸா வந்தது. 2017-ல் டாட்டாவின் நெக்ஸான் வந்தது. 2019-ல் ஹூண்டாயின் வென்யு வந்தது. 2020-ல் கியாவின் சோனெட்டும் நிஸ்ஸானின் மேக்னைட்டும் வந்தன. எல்லாம் நாலு மீட்டருக்குள். எல்லாம் ஜீப் சாயல். முதலில் கடை திறந்தவன் பின்தங்கிப் போனான்.

இருந்தாலும் புது முகம் கொண்ட வண்டி மறைமலை நகரிலிருந்து கப்பலேறி, 2018 முதல் அமெரிக்காவிலேயே விற்பனையாயிற்று. ஃபோர்டு பிறந்த மண்ணுக்கே நம் தொழிலாளி கார் செய்து அனுப்பினான்! அப்போது நிர்வாகத்தின் மேடைகளில் நம் பையன்களின் திறமைக்குப் பாராட்டுரை குறைவில்லாமல் கிடைத்தது.

பிறகு என்ன நடந்தது? வரிசையாகப் பாருங்கள்.

2019 அக்டோபரில் ஃபோர்டும் மஹிந்திராவும் கூட்டுக் கம்பெனி தொடங்குவதாக அறிவித்தன. 2020 டிசம்பர் 31-ல் அந்தக் கூட்டு முறிந்தது. 2021 ஜனவரி 11-ல் பிரேஜிலில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. எக்கோஸ்போர்ட் பிறந்த கமசாரி ஆலை மூடப்பட்டது. பிரேஜிலிலும் அண்டை நாடான அர்ஜென்டினாவிலும் சேர்த்து ஏறக்குறைய 5,000 பேரின் வேலை போயிற்று. எட்டு மாதம் கழித்து, 2021 செப்டம்பர் 9-ல் நம் முறை வந்தது. இந்தியாவில் விற்பனைக்காகக் கார் செய்வதை உடனே நிறுத்துவதாகவும், குஜராத்தில் சானந்த் கார் ஆலையையும் மறைமலை நகர் ஆலையையும் படிப்படியாக மூடுவதாகவும் கம்பெனி சொன்னது. சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்பது கம்பெனியே சொன்ன கணக்கு.

மறைமலை நகர்த் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2022 மே கடைசியில் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளேயே போராடினார்கள். சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் எத்தனை நாள் சம்பளம் கொடுப்பது என்பதே பேரமாயிற்று. சட்டம் சொல்கிற குறைந்தபட்சம் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்தான். அதைவிடப் பல மடங்கு கொடுக்க நிர்வாகம் இறங்கி வந்தது என்றால், அது தானாக வந்த தயாளமல்ல. சங்கம் இருந்ததால் வந்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் கன்வேயரிலிருந்து இறங்கியது. அந்தக் கடைசிக் காரும் எக்கோஸ்போர்ட்தான்.

நிரந்தரத் தொழிலாளிக்காவது கணக்குத் தீர்த்து ஒரு தொகை வந்தது. காண்டிராக்ட் தொழிலாளிக்கு? பயிற்சியாளன் என்ற பெயரில் வேலை செய்தவனுக்கு? சீட்டும், வயரும், ரப்பர்க் குழாயும் செய்து கொடுத்த சின்னச் சின்ன ஆலைகளின் தொழிலாளிக்கு? கேன்டீனில் சாதம் வடித்தவளுக்கு? ஷிப்டு பஸ் ஓட்டியவனுக்கு? அவர்கள் பெயர் எந்தக் கணக்குப் புஸ்தகத்தில் இருந்தது?

நஷ்டக் கணக்கு யாருடையது?

“பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எப்படி நடத்துவது?” என்று கம்பெனி சொன்னது. கேட்கிறவர்களுக்கு நியாயம் போலத் தோன்றும். நஷ்டத்தில் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று நம்மிலேயே சிலர் கேட்பார்கள்.

சரி, கணக்கையே பார்ப்போம். எந்த வண்டியைச் செய்வது என்று தீர்மானித்தது யார்? சலுகைக் கோட்டுக்கு வெளியே யந்திரத்தை வைத்தது யார்? போட்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு புது வண்டி கொண்டுவந்தபோது, ஒரே வண்டிக்குச் சாயம் பூசிக் காலம் ஓட்டியது யார்? கூட்டுக் கம்பெனி வைப்பதும், அதை முறிப்பதும் யார் தீர்மானம்? இவற்றில் ஒன்றிலாவது தொழிலாளியின் கையெழுத்து உண்டா? வண்டி விற்கவில்லை என்பதற்குக் கைவேலை மட்டம் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. வேலை நன்றாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

தீர்மானம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவனுக்கு. லாபம் வரும்போது நிர்வாகத்தின் சாமர்த்தியம். நஷ்டம் வரும்போது தொழிலாளியின் தலையெழுத்து! பின்னி மில் 1996-ல் மூடியபோது பெரம்பூர் பார்த்தது இதைத்தான். நோக்கியா 2014-ல் மூடியபோது திருப்பெரும்புதூர் பார்த்ததும் இதைத்தான். துணி போய் டெலிபோன் வந்தது. டெலிபோன் போய்க் கார் வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை.

சானந்தில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். அந்தக் கார் ஆலையை டாட்டா கம்பெனி 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு வாங்க 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டது. 2023 ஜனவரியில் கைமாறியது. தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு அங்கேயே வேலை தருவது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. ஆலை கைமாறினாலும் ஆளை விடாமல் வைத்திருக்க வழி உண்டு என்பதற்கு இது சாட்சி. சர்க்கார் அக்கறை எடுத்தால் நடக்கும்.

மறைமலை நகரில்? 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி உபயோகிக்கப் போவதாக ஃபோர்டு தமிழ்நாட்டு சர்க்காருக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-ல் ஒப்பந்தமும் ஆயிற்று. 3,250 கோடி ரூபாய் முதலீடு. வருஷத்துக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் யந்திரங்கள். உற்பத்தி ஆரம்பம் 2029-ல். வேலை 600 பேருக்கு மேல்.

வரட்டும், வரவேற்போம். பூட்டிய ஆலை திறப்பது நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் வரவேற்க முடியாது. ஆயிரக்கணக்கில் போன வேலை நூற்றுக்கணக்கில் திரும்பினால் மீதிப் பேர் எங்கே? அந்த 600-ல், 2022-ல் வெளியே அனுப்பப்பட்டு, நாற்பது வயதில் மறுபடி வேலை தேடி அலைந்தவர்களுக்கு முதல் இடம் உண்டா? முகத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிற ஆலை, பழைய கைகளை மறந்துவிடக் கூடாது.

என்ன வேண்டும்?

பாஹியாவின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 2021 பிப்ரவரியில் தொழிலாளர் நீதிமன்றங்கள் தலையிட்டு, சங்கத்தோடு பேசி முடிக்காமல் ஆட்களை ஒட்டுமொத்தமாக நீக்கக் கூடாது என்று ஃபோர்டுக்குத் தடை போட்டன. ஆலை மூடலை அது தடுக்கவில்லை. ஆனால் பேச்சு வார்த்தை மேஜையில் தொழிலாளியை உட்கார வைத்தது.

நம் நாட்டில் காற்று எதிர்ப் பக்கம் வீசுகிறது. பழைய சட்டப்படி 100 பேர் வேலை செய்கிற ஆலையை மூடுவதானாலும் சர்க்காரின் அனுமதி வேண்டும். 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த 100-ஐ 300 ஆக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது. ஒரு காருக்குப் பின்னால் நிற்கிற உதிரிச் சாமான் ஆலைகளில் பல, 100-க்கும் 300-க்கும் நடுவில் ஆள் வைத்திருப்பவை. இனி அவற்றை மூடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை! மில் தோழர்களே, நூற்பாலைகளிலும் இதே கணக்குத்தான். உங்கள் ஆலையில் தலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று: நிலமும், மின்சாரமும், வரிச் சலுகையும் பொது ஜனங்களிடமிருந்து வாங்குகிற கம்பெனி, தன் உற்பத்தித் திட்டத்தைச் சங்கத்துக்கும் சர்க்காருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடுத்த வண்டி இந்த ஆலைக்கு உண்டா, இல்லையா என்பது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். பத்திரிகையைப் பார்த்துத் தன் வேலை போனதைத் தெரிந்துகொள்கிற கேவலம் கூடாது.

இரண்டு: மூடுவதானால் சங்கத்தோடு பேசி முடித்த பிறகே மூட வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும், பயிற்சியாளனுக்கும், உதிரிச் சாமான் ஆலைத் தொழிலாளிக்கும் நஷ்டஈட்டில் பங்கு வேண்டும்.

மூன்று: மூடிய ஆலை மறுபடி திறந்தால், பழைய தொழிலாளிக்கே முதல் உரிமை.

நான்கு: நகரத்து ரோட்டில் முதல் இடம் பஸ்ஸுக்கும், நடக்கிறவனுக்கும், சைக்கிளுக்கும். அதற்கு அப்புறம் கார்.

இவை ஆகாயத்தை வில்லாக வளைக்கிற கோரிக்கைகள் அல்ல. மூன்றாவது கோரிக்கையை மறைமலை நகரிலேயே ஆரம்பிக்கலாம். 2029-க்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த 600 வேலைகளுக்கு ஆள் எடுப்பதற்குள் பழைய தொழிலாளர்களின் பட்டியலைச் சங்கங்கள் சர்க்காரின் மேஜையில் வைக்க வேண்டும். மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருக்கிற பெயர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள்.

இன்றைக்கும் சென்னைத் தெருக்களில் எக்கோஸ்போர்ட் ஓடுகிறது. அடுத்த தடவை ஒன்று உங்களைத் தாண்டிப் போனால், அதன் முகத்தைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். அதன் கதவை மாட்டியவன் இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று கேளுங்கள். சங்கக் கூட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.